மாரிகால வயல் வேலைக்கு ஏற்ற காலுறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலபோக நெற்செய்கை வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழையை நம்பியது. ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாகக் கமக்காரரின் கால்கள் நீரிலும் சேற்றிலும் ஊறிக் கிடக்கும். பயிரின் நோயைக் கூர்ந்து நோக்கும் கமக்காரர் தம் காலுக்கு நேரும் கேட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

கேடு வரும் வழி

எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு லெப்டோஸ்பைறா என்னும் நுண்ணுயிர் வயல் நீரிற் கலக்கிறது. காலிலுள்ள கீறல், வெடிப்பு ஆகியவற்றின் வழியாக அது உடலுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நேர்ந்த பெருவெள்ளத்தின் பின்னர், டிசம்பரிற் குடாநாட்டில் இக்காய்ச்சல் பரவி உயிர்களையும் கொண்டது. இதனோடு கண்ணாடி விரியனின் கடியையும் எண்ணுதல் வேண்டும். வயலில் நேரும் பாம்புக்கடிகளுட் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலுமே படுகின்றன.

இருவகை உறைகள்

குளிர்நாடுகளில் மழையிலும் உறைபனியிலும் மலையேறுவோர், சப்பாத்தின் வாயை மூடி முழங்காலின் கீழ்வரை கித்தான் போன்ற தடித்த துணியாலாகிய கெண்டைக்காலுறையைக் கட்டுவர். சிங்கராஜ வனத்துக்குச் செல்வோர் அட்டைக்கடிக்கு அஞ்சி நெருங்கிய நெசவுடைய துணியுறை அணிவதும் இத்தகையதே. இவ்வுறைகள் மேலிருந்து வழியும் நீரையும், பக்கத்திலிருந்து தெறிக்கும் சேற்றையும், புல்லின் ஈரத்தையும், முள்ளையும் தடுக்கும். ஆயினும் இவற்றின் அடிப்பாகம் திறந்தது. தேங்கிய நீரில் நின்றால் நீர் கீழிருந்து ஏறிவிடும்.

முழங்கால்வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்தோ அடியும் பக்கமும் ஒன்றாய் மூடப்பட்டது. ஆதலால், நீர் தெறிக்கும் இடத்துக்குக் கெண்டைக்காலுறை, நீர் தேங்கும் இடத்துக்கு இறப்பர்ச் சப்பாத்து என்பதை விதியாகக் கொள்க.

வேலைக்கேற்ற தெரிவு

1. வாய்க்கால் துப்புரவு செய்தல், வரம்பு கட்டுதல், மாட்டுத்தொழுவம் கழுவுதல்: இறப்பர்ச் சப்பாத்து.

2. மார்கழி, தை மாதங்களிற் பனி படிந்த தோட்டத்திற் காலையில் மரக்கறி பறித்தல், வரம்பிற் புல் அறுத்தல்: மூடிய சப்பாத்தும் அதன்மேற் கித்தான் உறையும்.

3. நீர் வடிந்த வயலில் அரிவு வெட்டுதல்: மேற்கூறியவையே. தாள்கட்டை குத்துவதை இவை தடுக்கும். துணி தடிப்பாகவும், காலோடு ஒட்டாது சற்றுத் தளர்வாகவும் இருப்பின் பாம்பின் பல் தோலை எட்டுவதும் அரிதாகும்.

4. மருந்து தெளித்தல்: இறப்பர்ச் சப்பாத்து. காற்சட்டையின் கீழ்ப்பகுதியைச் சப்பாத்தின் வெளியே விடுக. உள்ளே செருகினால் வழியும் மருந்து சப்பாத்தினுட் சேரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பாதங்கள் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், உட்காலுறையுடன் அணிந்து பார்க்கவும். அளவிற் பெரிய சப்பாத்தைச் சேறு பற்றி இழுத்துவிடும். சிறியது தோலை உராய்ந்து புண்ணாக்கி, நாம் தடுக்க நினைத்த நோய்க்கே வாயில் திறக்கும். அடியில் ஆழமான பள்ளவரிகள் இருத்தல் நன்று. கெண்டைக்காலுறையின் அடிவார் உறுதியானதாகவும், மாற்றத்தக்கதாகவும் இருக்கட்டும். முதலில் தேய்வது அதுவே.

பேணும் முறை

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, வாய் கீழாக நிழலில் உலர்த்துக. கடும்வெயில் இறப்பரை வெடிக்கச் செய்யும். சப்பாத்தில் நீரை நிரப்பி இடைக்கிடை ஒழுக்கைச் சோதிக்கவும். காலையில் அணியுமுன் கவிழ்த்துத் தட்டுதல் வேண்டும். தேளும் பாம்புக்குட்டியும் உள்ளே ஒதுங்குவதுண்டு.

உறை காக்காத இடம்

முழங்காலளவு சேற்றில் எந்தச் சப்பாத்தும் பயன்படாது. மேல்வாயால் நீர் புகுந்தால், அதே நீரிற் காலை ஊறவைப்பதாக முடியும். அத்தகைய வயலில் இறங்க நேர்ந்தால் புண்ணை நீர் புகாவண்ணம் மூடிக்கட்டி, கரையேறியதும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. நீரிழிவு நோயுடையோர் காலில் உணர்ச்சி குன்றியிருக்கக் கூடுமாதலால் நாள்தோறும் பாதத்தைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். தடுப்பு மருந்தைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வயலில் இறங்குமுன்னரே கேட்டறிந்து, அவர்கள் கூறும் அளவில் மாத்திரம் உட்கொள்க.

வயலில் இறங்கிய சில நாள் தொடங்கி ஒரு மாதத்துக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைத்தசை நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால், வீட்டு மருந்தில் நாளைக் கழிக்காது வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் இறங்கியதை வைத்தியருக்குச் சொல்லுக. பாம்பு தீண்டினாற் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், காலை அசையாது வைத்து உடனே வைத்தியசாலை சேர்க.

விதைநெல்லைத் தெரிந்தெடுக்கும் அதே கருத்தோடு காலுறையையும் தெரிந்தெடுத்தல் கமக்காரரின் கடன். அறுவடை நாளில் நெல்லோடு அதனை விளைத்தவரும் நலமாக வீடு சேர வேண்டும்.