பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

புது பேட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? அடுத்த பேட்டரிக்குப் பணம் எண்ணுமுன்:

1. இன்ஜினை அணைத்து, பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பூத்த முனையில் சார்ஜ் சரியாக ஏறாது.

2. பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தொளதொளத்தால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது.

3. மல்டிமீட்டரை டிசி 20-இல் வைத்து பேட்டரியில் அளவெடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்டும். ஹெட்லைட், ஏசி போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தும் 13-ஐத் தொடாவிட்டால் ஆல்டர்னேட்டர் மீதுதான் சந்தேகம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதித்துப்போகும்.

4. ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறி, காரின் கணினியான இசியூ போய்விடலாம்.