பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு

 

சென்ற ஷஅபான் மாதம் ஒரு ஜும்ஆ நாளில், தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றவர் சற்று நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அங்கே குடியேற வேண்டும். அவருடைய தந்தை ரஜப் மாதத்தில் வீட்டார் அனைவரும் கேட்கும்படி, "நல்ல வீடாகப் பார்த்து அட்வான்ஸைக் கொடு, பாதிப் பணம் நான் தருகிறேன், சாமான்களை ஏற்றிக்கொண்டு நானே கூட வந்து குடிவைத்துவிட்டு வருகிறேன்" என்று சொன்னாராம். மகனும் அதை நம்பி வீடு பேசி, நண்பரிடம் கைமாற்று வாங்கி அறுபதாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டார். குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கிவிட்டார். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது தந்தை, "என்னிடம் பணமில்லை, நான் வரவுமில்லை, போவதானால் நீயே போய்க்கொள்" என்று கூறிவிட்டார்.

"அத்தா செய்தது பாவமா ஹஜ்ரத்? நான் கோபப்பட்டால் அது பாவமா?" இவை இரண்டும்தாம் அவருடைய கேள்விகள்.

நான் உடனே, "வாக்கை நிறைவேற்றுவது முஸ்தஹப்பு, நிறைவேற்றாமல் விடுவது மக்ரூஹ், ஹராமில்லை" என்று மதரஸாவில் ஓதியதை அப்படியே ஒப்பித்தேன். அவர் ஸலாம் கூறிவிட்டு எழுந்து போனார். நான் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் அவர் போன விதம் என் மனத்தை அறுத்தது. அன்றிரவு கிதாபுகளை மறுபடியும் விரித்தேன். அதில் கண்டவற்றை நம் இல்லங்களில் உள்ள ஒவ்வொரு தாய் தந்தையரும் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைக்குச் சொன்னதும் வாக்குதானா?

அந்நியருக்குக் கொடுத்த வாக்கை நாம் பெரிதாக எண்ணுகிறோம். கடைக்காரரிடம் நாள் சொன்னால் அந்த நாளில் போய் நிற்கிறோம். பெற்ற பிள்ளையிடம் சொன்னதை மட்டும் பேச்சோடு பேச்சாக விட்டுவிடுகிறோம். 'நம் பிள்ளைதானே' என்பது நாம் கூறும் சமாதானம்.

இதற்கு விடை அபூதாவூத் கிரந்தத்தில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்ததைத் தாமே அறிவிக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களது வீட்டில் அமர்ந்திருந்த சமயம், அவர்களுடைய தாயார், 'இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்' என மகனை அழைத்தார்கள். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் கொடுக்க எண்ணியதாகத் தாயார் கூறினார்கள். ஒன்றுமே கொடுக்காமல் விட்டிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். வாக்கு சின்னஞ்சிறியது, பொருள் பேரீச்சம்பழம், பெற்றுக்கொள்பவர் விவரம் அறியாத சிறுவர். அதற்கே இந்தக் கண்டிப்பு என்றால், வளர்ந்த மகன் நம்பித் தன் குடித்தனத்தையே பெயர்த்தெடுக்கும் வாக்கின் கனம் எவ்வளவு!

வாக்கு மீறியவர் முனாஃபிக்கா?

வாக்குறுதியைக் குறித்து விசாரணை உண்டு என 17-ஆம் அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் எச்சரிக்கிறது. நபி இஸ்மாயீல் (அலை) அவர்களை அல்லாஹ் புகழும்போது (19:54) வாக்கில் உண்மையாளர் என்றே முதலில் சிறப்பிக்கிறான். நயவஞ்சகனின் மூன்று அடையாளங்களுள் வாக்கு மீறுதலும் ஒன்று என்பதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன.

இந்த ஹதீஸைக் கேட்டவுடன், வாக்குத் தவறிய தந்தையை 'முனாஃபிக்' என்று மகன் முடிவு கட்டிவிடக் கூடாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505) தமது இஹ்யாவில் நாவின் தீங்குகளை வரிசைப்படுத்தும் இடத்தில் பொய் வாக்கைத் தனித் தீங்காகவே எடுத்துப் பேசுகிறார்கள். வாக்களிக்கும் போதே கொடுப்பதில்லை என்ற எண்ணம் நெஞ்சில் இருந்தால் அதுவே நயவஞ்சகம்; கொடுக்கும் உறுதியோடு சொல்லிப் பின்னர் தக்க காரணத்தால் முடியாமற்போனால் அவர் அந்த எச்சரிக்கையில் சேரமாட்டார் என்பது அவர்களின் விளக்கம். ஜைது இப்னு அர்கம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸும் இதே கருத்தில் வந்துள்ளது. அதன் தொடர் உறுதியானதல்ல என்று இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இமாம்கள் கூறுவது

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) 'அல் அத்கார்' என்னும் நூலில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். தடுக்கப்படாத ஒரு காரியத்தைச் செய்வதாக வாக்களித்தவர் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அது வாஜிபா, முஸ்தஹப்பா என்பதில்தான் வேற்றுமை. இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மற்றும் பெரும்பாலோரிடத்தில் அது முஸ்தஹப்பு. விட்டால் கடுமையான மக்ரூஹ். ஆனால் பாவியாக மாட்டார். உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) போன்ற ஒரு சாரார் வாஜிபு என்றே கூறினர்.

நான் அந்த இளைஞரிடம் 'மக்ரூஹ்' என்றேன். 'கடுமையான' என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டேன். அதுவே என் குறை.

மாலிக்கி மத்ஹபின் அறிஞர் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 240) தரும் உதாரணம் நம் மஸ்அலாவுக்கு மிக நெருங்கி வருகிறது. ஒருவர் மற்றவரிடம், 'உன் பழைய வீட்டை இடித்துவிடு, கட்டுவதற்கு நான் கடன் தருகிறேன்' என்கிறார். அவர் நம்பி இடித்துவிட்டார். இப்போது வாக்களித்தவர் பின்வாங்க முடியாது. அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தும். ஏனெனில் அவருடைய சொல்தான் மற்றவரை அந்தச் சுமைக்குள் இறக்கியது. இமாம் கராஃபி (ரஹ்) அவர்களின் 'ஃபுரூக்' இதனை எடுத்துக் காட்டுகிறது.

ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து உஸ்மானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை வெளியான 'மஜல்லா'வின் 84-ஆம் விதியும், நிபந்தனையோடு பிணைத்துச் சொன்ன வாக்கு கட்டுப்படுத்தும் என்கிறது. அது முதன்மையாகக் கொடுக்கல் வாங்கல் பொறுப்புகளுக்கு உரியது. தகப்பனின் உதவிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், கைம்மாறு இல்லாத வாய்வார்த்தையைப் பொதுவாக வழக்காட இடமளிப்பதில்லை. ஆகவே மகன் கோர்ட்டுக்குப் போக வழியில்லை. ஆனால் 'சட்டம் கட்டாயப்படுத்தவில்லை' என்பதும், 'அல்லாஹ் கேட்கமாட்டான்' என்பதும் ஒன்றல்ல.

கொடுப்பதாகச் சொல்வதும் கொடுப்பதும்

'தருகிறேன்' என்பது வாக்கு. கையில் ஒப்படைப்பது ஹிபா. ஒப்படைக்கும் வரை ஹிபா உறுதியாவதில்லை. உழைக்கச் சக்தியுள்ள மகனுக்கு வீட்டு முன்பணம் கொடுப்பது தந்தையின் கடமையுமல்ல, அது உபகாரம். ஆகவே, 'அத்தா எனக்குத் தரவேண்டிய பணம்' என்று மகன் உரிமை கொண்டாடலாகாது. ஒப்படைத்த பின் தந்தை திரும்பப் பெறலாமா? அந்தப் பொருள் பிள்ளையின் உடைமையில் இருக்கும் வரை பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நெருங்கிய இரத்த உறவினருக்குக் கொடுத்து அவர் கைப்பற்றிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பது ஹனஃபி மத்ஹபு.

எப்போது விலகலாம்?

வாக்களித்த பின்னர் தொழில் நொடித்துப் போகலாம், நோய் வரலாம், கடன்காரர் நெருக்கலாம். இவை தக்க காரணங்கள். பிள்ளைகளிடையே நீதி தவறுவதாக இருந்தாலும் தயங்கத்தான் வேண்டும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்களின் தந்தை தனியாக ஓர் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டு, பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி ஏவியதும், தந்தை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் புகாரி, முஸ்லிமில் உள்ளன.

ஆனால் காரணம் உண்மையாக இருந்தாலும், பத்து நாள் இருக்கும்போது முகத்திலடித்தாற்போல் மறுப்பது முறையன்று. இயலாது என்று தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும். பணம் இல்லையென்றால் உடலால் உதவ வேண்டும். தம் சொல்லை நம்பிப் பிள்ளைக்கு ஏற்பட்ட நஷ்டத்தில் பங்கேற்க வேண்டும்.

தனிக்குடித்தனம் போவது பிரிவினையா?

மகன் புறப்படுவதைக் கண்டு சினந்து கையை இழுத்துக்கொள்வது வேறு. மனைவிக்கு அவளுக்குத் தகுந்த இருப்பிடம் தருவது கணவனின் கடமை. அவள் சம்மதிக்காதபோது கணவனின் உறவினர்களோடு ஒரே இருப்பிடத்தில் இருத்த முடியாது என்று ஹனஃபி கிதாபுகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆகவே தனிவீடு தேடும் மகனை 'பெண்டாட்டி சொல் கேட்டவன்' என்று ஏசுவது மார்க்கம் அறியாத பேச்சு.

கோபத்தில், 'அல்லாஹ் மேல் ஆணை, அவனுக்கு ஒரு காசு தரமாட்டேன்' என்று சிலர் சத்தியமே செய்துவிடுகின்றனர். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் தம் உறவினரான ஏழை மிஸ்தஹ் (ரலி) அவர்களுக்கு உதவி வந்தார்கள். தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள்மீது எழுந்த அவதூற்றில் மிஸ்தஹும் கலந்துகொண்டதால் இனி உதவுவதில்லை எனச் சத்தியம் செய்தார்கள். மன்னித்து விடுமாறு தூண்டும் 24:22 வசனம் இறங்கியதும் அந்த உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். அவ்வளவு பெரிய மனக்காயத்திற்கே இந்த வழி என்றால், வீடு மாறுகிறான் என்ற வருத்தம் எம்மாத்திரம்! அத்தகைய சத்தியத்தை முறித்து நன்மையைச் செய்துவிட்டு, 5:89 வசனம் கூறும் கஃப்பாராவை, அதாவது பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ, இயலாவிடில் மூன்று நோன்போ நிறைவேற்றலாம்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை

தந்தை வாக்குத் தவறினாலும் தந்தையே. 'சீ' என்றும் சொல்லலாகாது என்ற 17:23 வசனத்தில், 'அவர் வாக்கைக் காப்பாற்றினால்' என்ற நிபந்தனை இல்லை. மனம் வருந்துவது பாவமன்று. அந்த வருத்தம் நாவில் ஏறி உறவை அறுப்பதுதான் பாவம். தனியே அமர்ந்து, பணிவோடு, 'அத்தா, நீங்கள் சொன்னதை நம்பித்தான் கொடுத்தேன்' என்று எடுத்துச் சொல்லலாம். ஊரார் முன் சொல்லக் கூடாது.

அந்த இளைஞரின் வீட்டில்

மறுநாள் அஸருக்குப் பின் அவர்கள் வீட்டிற்குப் போனேன். மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய தந்தையிடம் பேரீச்சம்பழ ஹதீஸை மட்டும் சொன்னேன். பெரியவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். "பணம் முப்பதாயிரம் இல்லைதான் ஹஜ்ரத். ஆனால் அது காரணமில்லை. பேரப்பிள்ளை போய்விட்டால் இந்த வீட்டில் சத்தமே இருக்காது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை" என்றார்.

அவர் பிள்ளையை வெறுக்கவில்லை. பிரிவைத் தாங்க முடியாமல் வாக்கை முறித்தார். இந்த ஒரு சொல்லை முன்பே மகனிடம் சொல்லியிருந்தால் பாதிக் கசப்பு நேர்ந்திராது. இறுதியில் பதினைந்தாயிரம் ரூபாயைக் கொடுத்தார். புறப்படும் நாளில் லோடு வண்டியின் முன்னிருக்கையில் தாமும் ஏறி அமர்ந்தார்.

நம் வீடுகளுக்கு

பிள்ளைகளிடம் எதையும் சொல்லுமுன் செய்ய முடியுமா என எண்ணிச் சொல்லுங்கள். 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அவ்வாறு கூறாமல் வாக்களிக்க மாட்டார்கள் என்று இஹ்யா கூறுகிறது. ஆனால் 'முடியாது' என்பதை மறைக்கும் திரையாக அந்தப் புனிதச் சொல்லை ஆக்கிவிடாதீர்கள். நம் வீட்டுச் சிறுவர் பலர் அத்தா 'இன்ஷா அல்லாஹ்' என்றாலே நடக்காது என்று பொருள் கொள்கின்றனர். அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிக்கும் சொல்லைப் பிள்ளைகள் இவ்வாறு விளங்கிக்கொள்ளக் காரணம் நாம்தாம் என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

வல்ல நாயன் நம் அனைவரையும் சொன்ன சொல்லில் நிற்பவர்களாகவும், நம் பிள்ளைகளை நம்மை நம்பி வாழ்பவர்களாகவும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.