நகல் எங்கே இருக்கிறது?

வீட்டிற்குள் வெள்ளம் புகுந்தால் நாம் முதலில் தூக்குவது எதை? பிறப்புப் பத்திரமும் சேமநிதித் தாள்களும் அடங்கிய தகரப் பெட்டியைத்தான்.

2014 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் கிளந்தான், பேராக் முதலிய மாநிலங்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அவர்களுள் பலர் அடையாள அட்டைகளைப் பறிகொடுத்தனர். தேசியப் பதிவு இலாகா அவர்களுக்குக் கட்டணமின்றி மாற்று ஆவணங்களை வழங்கியது. அவர்களுடைய பெயரும் பிறந்த நாளும் கைரேகையும் இலாகாவின் கணினிப் பதிவிலும் இருந்தமையால் அன்றோ அது இயன்றது!

ஆயினும் கணினியும் ஓர் இயந்திரமே. இடி தாக்கலாம், தீப்பிடிக்கலாம், வட்டு பழுதாகலாம். ஆகவே பதிவுகளுக்கு நகல் எடுத்தல் இன்றியமையாதது. தோட்டத்துக் கிராணியார் பழைய பேரேட்டை நாள்தோறும் முழுமையாகப் படியெடுப்பதில்லை. அன்றைய பால் நிறுவையை மட்டும் எழுதுகிறார். கணினியிலும் அவ்வாறே: குறித்த காலத்திற்கொரு முறை முழு நகல், இரவுதோறும் அன்று மாறியவற்றின் நகல். நள்ளிரவில் நகலெடுத்து, மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கணினி பழுதானால், பதினாறு மணி நேரப் பதிவுகள் போய்விடும். அந்த இழப்பைத் தாங்க இயலாத அலுவலகம் இன்னும் அடிக்கடி நகலெடுக்க வேண்டும்.

நகலை எங்கே வைப்பது? அதே அறையில் வைத்தால், மூலத்தை எரிக்கும் தீ நகலையும் எரிக்கும். பத்து காஜா அலுவலகத்தின் நகலை ஈப்போவில் வைப்பது நன்று. ஆனால் இரண்டும் கிந்தாப் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. இன்னொரு நகல் தொலைவில் இருத்தல் வேண்டும்.

நகல் இருப்பதாக நம்புவதும் போதாது. நிரல் எழுதுவோரின் பணிகளைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் நாள், ஓர் ஊழியர் தவறுதலாக மூலப் பதிவுகளையே அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகைப் பாதுகாப்பு முறைகள் இருந்தன. ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை. நகலெடுப்பு தோல்வியுற்றதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள்கூடப் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன்பு வேறொரு வேலைக்காக எடுத்த நகல் ஒன்று தற்செயலாகக் கைகொடுத்தது. நகலிலிருந்து பதிவுகளை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை இடையிடையே நடத்தியிருந்தால், குறை முன்பே தெரிந்திருக்கும்.

நம் தகரப் பெட்டிக்கும் இதுவே முறை. பத்திரங்களின் நகல்களை வேற்றூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லதே. ஆனால் தொலைபேசியும் அதே வெள்ளத்தில் போகக்கூடும். நகல் மூலப் பத்திரத்திற்கு ஈடாகாது என்பது உண்மைதான். எனினும் அதிலுள்ள எண் தெளிவாகத் தெரிந்தால், இலாகா அலுவலர் உங்கள் பதிவை எளிதில் தேடி எடுத்துவிடுவார்.