செம்மேட்டில் அறை எடுத்திருக்கும் தங்கைக்கு



மனநல ஆலோசனைக்குச் செம்மேட்டில் அறை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பலகை மாட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கொல்லிமலையிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் பிடித்து நாமக்கல் போய் மனசுக் கஷ்டத்தைச் சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? எந்தச் சிகிச்சை முறை இங்கே எடுபடும் என்று கேட்டிருக்கிறாய். அதெல்லாம் போகப்போகப் பிடிபடும். நான் எழுத நினைப்பது முதல் அமர்வைப் பற்றி மட்டும்தான். வருகிறவருக்கு உன் அறையில் என்ன நடக்கும் என்றே தெரியாது. அதை நீ சொல்லாவிட்டால் தனக்குப் பழகிய வேறொன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அது கிடைக்காமல் போனால் மறுமுறை வரமாட்டார்.

குறி கேட்கப் போகிறவர் வாயே திறக்க வேண்டியதில்லை. 'வீட்டில் ஒரு பெண் மூணு மாசமா தூங்கலை' என்று குறி சொல்பவரே ஆரம்பிப்பார். அது சரியாக இருந்தால்தான் நம்பிக்கை. நீயோ 'சொல்லுங்க, என்ன கஷ்டம்?' என்று கேட்பாய். மருமகளைக் கூட்டி வந்த மாமியார், 'எல்லாத்தையும் நாங்களே சொல்லணும்னா அப்புறம் நீ எதுக்கு?' என்று கேட்டுவிடுவார். சிரித்துவிடாதே. நியாயமான கேள்வி அது. 'எனக்கு முன்னாடியே எதுவும் தெரியாதும்மா. சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரியும். சொல்றவங்களுக்கும் கொஞ்சம் தெளியும். ஒரே நாள்ல தீராது. அஞ்சாறு தடவை பேசிப் பார்த்துட்டு, பிரயோஜனம் இருக்கான்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்' என்று சொல். அப்புறம் மாமியாரை வெளியே டீ குடிக்க அனுப்பு. மருமகள் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள்.

இரண்டு தரப்பையும் கேட்கிற ஆள் என்றால் மலையில் அவர் ஊர்க்கவுண்டர் மாதிரி தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். நீ சொல்லமாட்டாய் என்பதையும் அன்றைக்கே தெரியப்படுத்து. அதற்காகப் பாடப்புத்தகத்தில் படித்தபடி தலையாட்டிக்கொண்டு மட்டும் உட்காராதே. நம் ஊர் ஆட்கள் மனநல ஆலோசகரிடம் குருவைத் தேடுகிறார்கள் என்று ஜே. எஸ். நேக்கி என்ற மனநல மருத்துவர் 1973-லேயே எழுதினார். குரு ஆசனத்தில் ஏறி உட்கார்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் கேட்டதற்கு ஒரு பதிலும் சொல்லாத ஆளை இங்கே யாரும் நம்பமாட்டார்கள் என்பது உண்மை.

மாத்திரை கேட்பார்கள். எழுதித்தர உனக்கு உரிமையில்லை. காதில் குரல் கேட்கிறது என்பவர், பிரசவமாகிச் சில வாரத்தில் ஆளே மாறிப்போனவர், இவர்களை நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பு. சோர்வு, அசதி என்று வந்தால் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்று கேள். மனக்கோளாறு தீரக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கி வந்தேன் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காதே. கோயிலையும் மாத்திரையையும் மோதவிட்டால் தோற்கப்போவது மாத்திரைதான். யாராவது எங்காவது கட்டிப்போட்டார்களா என்று மட்டும் கேட்கத் தவறாதே. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியோடு 28 பேர் கருகிப்போனார்கள். இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியைத் தடைசெய்கிறது.

ரகசியம்தான் மலையில் பெரிய பாடு. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கேட்டதை வெளியே சொல்லாதே என்கிறது. நீ சொல்லமாட்டாய், சரி. உன் சுவர் சொல்லிவிடுமே! பிளைவுட் தடுப்பு என்றால் பக்கத்துக் கடையில் அத்தனையும் கேட்கும். தகரக் கூரை என்று எழுதியிருக்கிறாய். மழை பிடித்தால், தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியதை அந்தப் பெண் கத்திச் சொல்லவேண்டி வரும். உள்ளே ஒரு சீலிங் போட்டுவிட்டுத் திற, காசைப் பார்க்காதே. பலகையில் 'குடும்பம், கல்வி ஆலோசனை' என்று எழுது. படியேறுகிறவர் பிள்ளையின் படிப்புக்காகப் போகிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். 'மருத்துவ உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு வேண்டும் என்பது உனக்கே தெரியும். இன்னொன்று: சோளக்காட்டுச் சந்தையில் எதிரே வந்தால் நீயாக வணக்கம் சொல்லமாட்டாய் என்பதை முதலிலேயே சொல்லிவை. இல்லாவிட்டால் 'பார்த்தும் பாராத மாதிரி போயிட்டா' என்று வருத்தப்படுவார்.

ரகசியத்துக்கு விலக்கு உண்டு என்பதை, அவர் பேசத் தொடங்குமுன் சொல். பேசி முடித்தபின் சொன்னால் ஏமாற்றுவேலை. குழந்தை மீது பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நீ புகார் செய்தே ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்வாய். இதைக் கேட்டதும் 'போலீஸ் கேஸ் ஆகுமா?' என்று பயப்படுவார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை என்று நிதானமாக விளக்கு. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடு. நடுராத்திரியில் நீ கிடைக்கமாட்டாய்.

நேரத்தையும் பணத்தையும் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்று பிராய்ட் 1913-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அது சரிதான். ஆனால் ஞாயிறும் விடுமுறையும் போக மற்ற எல்லா நாளும் நோயாளியைப் பார்த்த மனிதர் அவர். உனக்கு மிளகு பறிக்கும் மாதங்களில் ஆளே வராது. அதைத் தட்டிக்கழிப்பு என்று குறிப்பில் எழுதிவைக்காதே. பஸ் தவறி அரைமணி தாமதமாக வருகிறவரையும் அப்படித்தான். கட்டணத்தை வாய்திறந்து சொல், முடியாதவருக்குக் குறைத்துக்கொள். பலாப்பழம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்; கொல்லிமலையில் அதை வேண்டாம் என்பது அவமதிப்பு. பழத்தைக் கட்டணத்தில் மட்டும் கழிக்காதே.

கடைசியாகப் போன் விஷயம். பெண்கள் கொடுக்கும் எண் பெரும்பாலும் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். 'வேற யாராவது எடுத்தா நான் யாருன்னு சொல்லட்டும்?' என்று முதல் நாளே கேள். தையல் கிளாஸ் டீச்சர் என்பார், பேங்க்கிலிருந்து என்பார். கூப்பிடவே வேண்டாம் என்றும் சிலர் சொல்வார்கள். எது சொன்னாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்.

அன்புடன்,
அக்கா