சாமி கண்ணைக் குத்துமா?



நம்மில் பலருக்கு இன்னும் கல்யாணம் ஆகல. ஆனா வீட்ல தம்பி தங்கச்சி, அக்கா பிள்ளைங்க இருக்காங்க. என்னைப் போல சிலர் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பும் எடுக்கிறோம். ஆகவே, பிள்ளைகளைச் சொல்பேச்சு கேட்க வைப்பது எப்படி என்பது நமக்கும் உரிய பாடம்தான்.

வீடுகளில் வழக்கமாக நடப்பவை மூன்று.

1. மிரட்டுவது: "சாப்பிடலன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்", "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." பிள்ளை உடனே அடங்கும், சரி. ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் அதே பிள்ளை தொலைந்துபோனால் யாரிடம் ஓட வேண்டும்? போலீஸ்காரரிடம். அவரைக் கண்டு அது ஒளியப் பார்த்தால்? சாமியும் அப்படித்தான். சின்ன வயசுல கண்ணைக் குத்துற சாமியைக் காட்டிவிட்டு, பெரியவனானதும் "கோயிலுக்கு வரமாட்டேங்கிறான்" என்று வருந்தி என்ன பயன்?

2. அழுதால் கொடுப்பது: கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடையில் பொம்மை கேட்டு அழும் பிள்ளைக்கு மூன்று முறை "வேணாம்". நாலாவது முறை, நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம் லேசில் விடாது என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வில் காட்டினார். அடுத்த தடவை அழுகை இன்னும் நீளும்.

3. ரோத்தான்: எதைச் செய்யக்கூடாது என்று மட்டுமே அடி சொல்லும். எதைச் செய்யணும்னு சொல்லாது.

இவற்றுக்குப் பதில் என்ன செய்யலாம்?

• தெளிவாகச் சொல்வோம். "ஒழுங்கா இரு" வேண்டாம். "செருப்பைக் கழட்டி ஓரமா வை" என்போம்.

• செய்த செயலைச் சொல்லிப் பாராட்டுவோம். "பொம்மையெல்லாம் நீயே எடுத்து வச்சிட்டியே!" என்று அந்த நேரமே சொல்லணும்.

• நடக்கக்கூடியதை மட்டும் சொல்லி, அதைச் செய்து காட்டுவோம். "இனிமே கைப்பேசியே கிடையாது" நடக்காது. "இன்னிக்கு ராத்திரி கிடையாது" நடக்கும்.

மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழநிக்குப் போன முருகன் கதை நமக்குத் தெரியும். அம்மையப்பர் அவரை மிரட்டவில்லை. அண்ணனிடமிருந்து பழத்தைப் பிடுங்கியும் கொடுக்கவில்லை. தேடிப்போய், "நீயே பழம்" என்று அன்பாகச் சொன்னார்கள்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டுப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் எத்தனை முறை மிரட்டுகிறார்கள், எத்தனை முறை பாராட்டுகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அடுத்த வகுப்பில் பேசுவோம்.