மங்கிய வான்முகிலைப் படம்பிடித்தல்

மார்கழி, தை மாதத்து இரவுகளில் திருவாதிரை விண்மீனுக்குத் தெற்கே மூன்று மீன்கள் ஒரே நிரையாய் நிற்கக் காண்கிறோம். அவற்றிற்குச் சற்றுத் தெற்கே புகை படிந்தாற்போல் தோன்றுவது ஓரியன் நெபுலாவாகும். நெபுலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி என்பது பொருள். அதனை நாம் வான்முகில் என்போம். இதனினும் மங்கிய வான்முகில்களைச் சிறு தொலைநோக்கியால் படம்பிடித்தல் கூடுமோ? அதற்கு நம் நாஞ்சில் நாடு ஏற்ற இடமோ? இவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

கண்ணானது ஒரு நொடியின் சிறு பகுதியளவே ஒளியைச் சேர்க்க வல்லது. ஆகவே நாழிகைக்கணக்காய் உற்று நோக்கினும் மங்கிய பொருள் மங்கியே நிற்கும். புகைப்படத் தகடோ தன்மேல் வீழும் ஒளியை விடாது சேர்த்து வைக்கும். அமெரிக்கராகிய ஹென்றி டிரேப்பர் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 51 நிமிடம் ஒளியேற்றி ஓரியன் முகிலை முதன்முதற் படம்பிடித்தார். 1883-இல் ஆங்கிலப் பொறியாளர் ஆண்ட்ரூ காமன் 36 அங்குல ஆடியால் எடுத்த படத்தில், கண்ணுக்குப் புலனாகாத மீன்களும் தோன்றின. இவ்விருவரும் ஊதியம் கருதாது விருப்பத்தால் வானை ஆய்ந்தவர்.

ஆயின் புவி சுழல்வதால், மீன்கள் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்வனபோல் தோன்றும். தொலைநோக்கியும் உடன் திரும்பவேண்டும். அதன் சுழலச்சு வான்துருவத்தை நோக்கவேண்டும். இலண்டனில் அவ்வச்சு 51 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். நாஞ்சில் நாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருத்தலின், ஈண்டு அச்சு தரையோடு படுத்தாற்போலக் கிடக்கும். துருவமீனும் அத்துணைத் தாழ்ந்தே நிற்றலின், வடக்கேயுள்ள மலைகள் அதனை மறைத்தல் கூடும். அங்ஙனமாயின், உச்சிக்கருகே நிற்கும் ஒரு மீன் வடக்கிலோ தெற்கிலோ விலகுவதைக் கொண்டு அச்சின் திசைப்பிழையைத் திருத்தலாம். கீழ்வானத்து மீனொன்றைக் கொண்டு உயரப்பிழையைத் திருத்தலாம்.

இவ்விடர்ப்பாட்டிற்கு ஈடாக ஒரு பேறும் நமக்குண்டு. இலண்டனில் ஒருபோதும் உதியாத கரீனா வான்முகில், நம் தென்வானில் ஏறத்தாழ 22 பாகை உயரம் எழும். ஓரியன் முகிலோ நம் உச்சியை அணுகிச் செல்லும்; அதன் ஒளி காற்று மண்டலத்தைக் குறுகிய வழியே கடந்து வரும்.

இக்காலத்தே தகட்டின் இடத்தை மின்னணுக் காமிரா பெற்றுள்ளது. ஓரிரு நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்து, கணிப்பொறியால் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகின்றனர். நூறு படங்களை அடுக்கின் முகிலின் ஒளி நூறு மடங்காகும். ஒழுங்கின்றி எழும் புள்ளிக் குழப்பமோ பத்து மடங்கே பெருகும். ஆகவே முகில் பத்து மடங்கு தெளிவுறும்.

ஆதலின், பெரிய ஆடி இல்லையே என்று மாணவர் பின்வாங்க வேண்டுவதில்லை. நிலவும் மேகமும் நகர விளக்குகளும் இல்லாத இரவு ஒன்றும், அச்சைச் செவ்வனே நிறுத்தும் பொறுமையும் வாய்க்குமாயின், சிறு தொலைநோக்கியே போதிய கருவியாகும்.