சளி பிடித்தவர்கள் மலையேற வேண்டாம்

நம்பிக்கை: மலைக் கொரில்லா ஆளைக் கண்டால் பாய்ந்து கடித்துக் குதறிவிடும்.

1933-இல் ‘கிங் காங்’ படம் கிளப்பிவிட்ட பீதி இது. கொரில்லாவின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்: காட்டுச் செலரித் தண்டு, முட்செடி இலை, மூங்கில் குருத்து, எப்போதாவது கொஞ்சம் எறும்பு. 1959-இல் விருங்கா மலைக்குப் போன விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர், அவற்றின் கண்ணில் படும்படியே உட்கார்ந்து மாதக்கணக்கில் குறிப்பெடுத்தார்.

மார்பில் அடித்துக்கொள்கிறதே என்பீர்கள். முஷ்டியால் அல்ல, குவித்த உள்ளங்கையால் அடிக்கிறது. உடம்பு பெரிதானால் ஓசையின் சுருதி தாழ்கிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘நான் எவ்வளவு பெரியவன், பார்த்துக்கொள்’ என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டால் பல சண்டைகள் மிச்சம். முதுகு நரைத்த தலைவன் சில சமயம் ஓடியும் வரும். பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். அப்போது குனிந்து உட்கார்ந்து தரையைப் பார்க்கச் சொல்வார் வழிகாட்டி. ஓடினால்தான் வம்பு.

நம்பிக்கை: கொரில்லாவைப் பார்க்கப் போகும்போது முகக்கவசமும் இடைவெளியும் நம் பாதுகாப்புக்கு.

தலைகீழ். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுக வைக்கும் கிருமி அதற்கு எமன். 2009-இல் ருவாண்டாவில் ஒரு கூட்டத்தில் சுவாசத் தொற்று பரவி, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. இரண்டிலும் மனிதர்களிடம் காணப்படும் மெட்டாநியூமோ வைரஸ் இருந்தது. அதனால்தான் ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம் என்று கணக்கு. பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இருமுகிறவரை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டியாயிற்றே என்று மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு ஏறுகிறவரைவிட ஆபத்தான விலங்கு அந்தக் காட்டில் இல்லை.

நம்பிக்கை: மிருகக்காட்சி சாலையில் பார்த்தாயிற்று.

இல்லை. மைசூருக்கு 2021-இல் ஜெர்மனியிலிருந்து வந்தவை மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லா விருங்காவிலும் உகாண்டாவின் பிவிண்டியிலும் மட்டுமே உண்டு. 2018 வரையிலான கணக்கெடுப்புகளின்படி மொத்தம் 1,063.

நம்பிக்கை: மலைக் கொரில்லாவைப் பார்க்கும் அனுமதிச் சீட்டின் விலை பகல் கொள்ளை.

ருவாண்டாவில் 1,500 டாலர். யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் விடியற்காலையில் முந்தைய இரவின் இலைப்படுக்கையைத் தேடிப் புறப்பட்டு, அங்கிருந்து தடம் பிடித்துக் கூட்டம் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். காவலர், கால்நடை மருத்துவர் எல்லோருக்கும் வேண்டும். பூங்கா வருவாயில் பத்து சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. கொள்ளை என்று சொல்ல மாட்டேன். அதற்காக எல்லோருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 1991-இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது காட்டையே வீடாகக் கொண்டிருந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு இன்றும் சொந்த நிலம் கிடையாது.